கண்டிப்பும் கடுஞ்சொல்லும்

"அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று நம் முன்னோர் ஒரு பழமொழி சொல்லி வைத்தார்கள். அதை முதன்முதலில் சொன்னவர் அடித்தவரா, அடிபட்டவரா என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். நமது பள்ளிக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாக இந்தப் பழமொழியே சட்டமாக விளங்கி வந்தது. பிள்ளையைக் கொண்டுபோய் விடும் தகப்பனார், "கண் இரண்டை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், ஸார்!" என்று உபாத்தியாயருக்குப் பூரண அதிகாரம் வழங்கிவிட்டு நிம்மதியாக வீடு திரும்புவார். 2009-ம் வருஷத்தில் நமது பார்லிமெண்டு இயற்றிய கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பள்ளிகளில் பிள்ளைகளை அடிப்பதையும் அவர்கள் மனம் நொந்துபோகும்படி வதைப்பதையும் தடை செய்தது. பிரம்பு வகுப்பறையை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. வெளியேறிய பிரம்பு எங்கே போயிற்று? அடுத்தாற்போலிருந்த விளையாட்டு மைதானத்துக்குள் மெல்லப் புகுந்துகொண்டது என்றே தோன்றுகிறது.

விடியற்காலையில் கிரிக்கெட், பாட்மிண்டன், நீச்சல் என்று பிள்ளைகளைப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர்களில் பலர், பயிற்சியாளர் எவ்வளவுக்கெவ்வளவு உரக்கக் கத்துகிறாரோ, அவ்வளவுக்கவ்வளவு அவர் கெட்டிக்காரர் என்று நம்புகிறார்கள். மாதக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு ஒரு திட்டுக்கூடத் திட்டாமல் பிள்ளையை அனுப்பிவிட்டால், ஏதோ ஏமாந்துபோனதாகவே எண்ணுகிறார்கள். ஆட்டக்காரனைக் கடுமையாக நடத்தினால்தான் அவனிடமுள்ள திறமை முழுவதும் வெளிப்படும் என்பது உண்மையா? குழந்தைகளின் சுகதுக்கம் சம்பந்தப்பட்ட விஷயமாதலால், இதைச் சற்று நிதானமாகவே ஆராய வேண்டும்.

கடுமையின் கட்சிக்காரர்கள் முதலில் கொண்டுவந்து நிறுத்தும் சாட்சி ஸ்ரீ சச்சின் டெண்டுல்கர். பம்பாய் சிவாஜி பார்க்கில் அவருக்குக் குருவாக வாய்த்தவர் காலஞ்சென்ற ஸ்ரீ ரமாகாந்த் அச்ரேகர். சிறுவன் சச்சின் ஒருநாள் தனக்கென்று குரு ஏற்பாடு செய்திருந்த ஆட்டத்துக்குப் போகாமல், தன் பள்ளியின் பெரிய பிள்ளைகள் ஆடிய பந்தயத்தை வேடிக்கை பார்க்க வாங்க்கடே மைதானத்துக்குப் போய்விட்டான். அங்கே குருவைக் கண்டதும் வணங்கினான். கன்னத்தில் அறை விழுந்தது. கையிலிருந்த சாப்பாட்டு டப்பா பறந்து போயிற்று. பிறருக்குக் கைதட்ட நீ வர வேண்டாம், பிறர் உனக்குக் கைதட்டும்படி ஆடு என்பது குருவின் உபதேசம். இதையெல்லாம் டெண்டுல்கரே பல தடவை நன்றியுடன் சொல்லியிருக்கிறார். 2013-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி ஓய்வு பெற்றபோது, தலைக்கனம் வந்துவிடுமோ என்று அஞ்சித் தம் குரு ஒருநாளும் "நன்றாக ஆடினாய்" என்று சொன்னதில்லை என்றும், இனித் தாம் ஆடப்போவதில்லையாகையால் இப்போதாவது அவர் துணிந்து சொல்லலாம் என்றும் வேடிக்கையாகக் குறிப்பிட்டார்.

"பார்த்தீர்களா? அறைந்தார்; அதனால்தான் ஆள் உருவானான்!" என்று நமது நண்பர்கள் முடித்துவிடுகிறார்கள். வழக்கை அவ்வளவு சீக்கிரத்தில் தீர்த்துவிடலாகாது. சாட்சியின் வாக்குமூலத்தில் இன்னும் சில பக்கங்கள் இருக்கின்றன.

அதே அச்ரேகர்தான் அந்தச் சிறுவனைத் தம் ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஒரே நாளில் பல ஆட்டங்கள் ஆடுவதற்காகப் பம்பாயின் மைதானம் மைதானமாக அலைந்தார். பயிற்சி முடியும் வேளையில் பையன் களைத்துப் போயிருக்கும்போது ஸ்டம்பின்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பார். அவனை ஆட்டமிழக்கச் செய்பவனுக்கு நாணயம் சொந்தம். கடைசிவரை அவன் அவுட்டாகாமல் நின்றுவிட்டால் அது அவனுடையது. அப்படிச் சம்பாதித்த நாணயங்களைத் தம் மிக உயர்ந்த சொத்துக்களுள் சேர்த்துப் பேசுவார் டெண்டுல்கர். ஒரு கன்னத்தறையை எண்ணுகிறவர்கள் அந்த ஸ்கூட்டர் பிரயாணங்களையும் நாணயங்களையும் எண்ணாமல் விடுவது என்ன கணக்கு?

இன்னொரு செய்தியும் உண்டு. 1988-ம் வருஷத்தில் பம்பாயின் ஹாரிஸ் கேடயப் பந்தயத்தில், சாரதாசிரமப் பள்ளிக்காக இரண்டு பிள்ளைகள் சேர்ந்து ஆட்டமிழக்காமல் 664 ஓட்டங்கள் குவித்தார்கள். ஒருவர் டெண்டுல்கர், மற்றவர் வினோத் காம்ப்ளி. இருவருக்கும் குரு ஒருவர், பள்ளி ஒன்று, மைதானமும் ஒன்றே. காம்ப்ளி 17 டெஸ்ட் ஆட்டங்களில் சராசரி 54 ஓட்டங்களுக்கு மேல் எடுத்தார். ஆயினும் 1995-ம் வருஷத்தோடு, அதாவது 23-வது வயதிலேயே, அவருடைய டெஸ்ட் வாழ்வு முடிந்துவிட்டது. இதற்காகக் குருவையும் குறை சொல்ல முடியாது, சிஷ்யரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கண்டிப்புதான் முழுக் காரணம் என்றால் இருவர் கதியும் ஒன்றாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

நமது சாட்சியையே மேலும் பின்தொடர்வோம். 2005-ம் வருஷம் மே மாதத்தில் ஆஸ்திரேலியாவின் கிரெக் சாப்பல் இந்திய அணிக்குப் பயிற்சியாளரானார். தம் காலத்தில் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவர். இந்திய அணியைச் சீர்திருத்தியே தீருவது என்ற உறுதியுடன் வந்தவர். அவர் காலத்தில் நல்லதே நடக்கவில்லை என்று சொன்னால் அது அநியாயமாகும். இரண்டாவதாக ஆடி இலக்கை எட்டுவதில், ஒருநாள் ஆட்டங்களில் தொடர்ந்து 17 வெற்றிகள் கிடைத்தன. 1971-க்குப் பிறகு முதல் தடவையாக 2006-ல் மேற்கிந்தியத் தீவுகளில் டெஸ்ட் வரிசையை வென்றோம். அதே வருஷம் டிசம்பரில் தென்னாப்பிரிக்க மண்ணில் நமது முதல் டெஸ்ட் வெற்றியும் வந்தது.

ஆனால் அணிக்குள்ளே வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. 2005 செப்டம்பரில், அணித் தலைவரான ஸௌரவ் கங்குலியைப் பற்றிச் சாப்பல் கிரிக்கெட் போர்டுக்கு எழுதிய கடிதம் பத்திரிகைகளுக்குக் கசிந்துவிட்டது. தலைவர் பதவி பறிபோயிற்று. சில மாதங்களில் அணியில் அவருடைய இடமும் போயிற்று. ஓர் ஆட்டக்காரரைப் பற்றிப் பயிற்சியாளர் முகத்துக்கு நேரே சொல்வது ஒன்று; அவர் முதுகுக்குப் பின்னால் எழுதியதை ஊரே படிப்பது வேறொன்று. அதன்பிறகு மற்றவர்களும் தம்மைப் பற்றி என்ன எழுதப்படுகிறதோ என்று யோசிக்க மாட்டார்களா? 2007-ம் வருஷத்து உலகக் கோப்பையில் வங்க தேசத்திடமும் இலங்கையிடமும் தோற்று, முதல் சுற்றிலேயே இந்தியா வீடு திரும்பியது. மூன்று ஆட்டங்களில் டெண்டுல்கர் எடுத்தவை 64 ஓட்டங்கள். அவற்றில் 57, பெர்முடாவுக்கு எதிராக. சாப்பல் ஏப்ரல் மாதத்தில் விலகினார்.

அப்போது டெண்டுல்கர் மௌனத்தைக் கலைத்துச் சொன்னது கவனிக்கத்தக்கது. தோல்வியை விட, தங்கள் மனப்பான்மையையே பயிற்சியாளர் சந்தேகித்ததுதான் புண்படுத்தியது என்ற கருத்துப்பட அவர் பேசினார். குருவிடம் அறை வாங்கியதை ஆயுள் முழுவதும் நன்றியுடன் நினைத்தவர் அல்லவா இவர்? கடுமையைத் தாங்க முடியாதவர் என்று இவரைச் சொல்ல இயலாது. அச்ரேகர் கண்டித்தது ஒரு நாளைய செய்கையை. "உன்னால் முடியும், ஏன் செய்யவில்லை?" என்பது அந்தக் கோபத்தின் பொருள். "உனக்கு மனமே இல்லை" என்ற குற்றச்சாட்டில் அத்தகைய நம்பிக்கை எதுவும் இல்லை. முதலாவதைக் கேட்டவன் மறுநாள் மைதானத்துக்கு ஓடுவான். இரண்டாவதைக் கேட்டவன் எதை நிரூபிக்க ஓடுவது?

2008-ல் தென்னாப்பிரிக்கரான காரி கர்ஸ்டன் அந்தப் பதவிக்கு வந்தார். அதட்டலும் இல்லை, அறிக்கைகளும் இல்லை. பெரிய ஆட்டக்காரர்கள் எப்போது எவ்வளவு பயிற்சி செய்வது என்பதைப் பெரும்பாலும் அவர்கள் பொறுப்பிலேயே விட்டார். ஆனால் எவரேனும் பயிற்சி வேண்டுமென்றால், மணிக்கணக்காக நின்று தம் கையாலேயே பந்து எறிந்து கொடுப்பார். 2009 டிசம்பரில் இந்தியா டெஸ்ட் வரிசையில் முதலிடம் பெற்றது. 2010 பிப்ரவரியில் குவாலியரில் டெண்டுல்கர், ஆடவர் ஒருநாள் சர்வதேச ஆட்டங்களில் முதலாவது இரட்டைச் சதத்தை அடித்தார். 2011 உலகக் கோப்பையில் 482 ஓட்டங்கள் எடுத்து நம் அணியில் முதல்வராக நின்றார். ஏப்ரல் 2-ந் தேதி கோப்பையை வென்றதும், பையன்கள் கர்ஸ்டனைத் தோளில் தூக்கிக்கொண்டு வாங்க்கடே மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். இந்த வெற்றிகளெல்லாம் ஒரு பயிற்சியாளரால் மட்டுமே விளைந்தன என்று நாம் வாதாடவில்லை. மென்மையாக நடத்தினால் ஆட்டக்காரர்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்ற பயம் வீண் என்பதற்கு இவை போதும்.

"வளர்ந்தவர்களுக்கு அது சரி, குழந்தைகளுக்குக் கண்டிப்பு வேண்டாமா?" என்று நேயர்கள் கேட்கலாம். கட்டாயம் வேண்டும். அதற்கு நல்ல உதாரணம் ஹைதராபாத்தில் இருக்கிறது. 2001-ல் ஆல் இங்கிலாந்து பாட்மிண்டன் பட்டம் பெற்ற ஸ்ரீ புல்லேலா கோபிசந்த், தம் வீட்டை அடமானம் வைத்து அங்கே பயிற்சிக்கூடம் எழுப்பினார். கண்டிப்புக்குப் பெயர் போனவர். 2016-ம் வருஷத்து ரியோ ஒலிம்பிக்குக்கு முன் மூன்று மாதம் ஸ்ரீமதி பி. வி. சிந்துவின் டெலிபோனை வாங்கி வைத்துக்கொண்டார். ஐஸ்கிரீமையும், அவர் பிரியமாய் உண்ணும் இனிப்புத் தயிரையும் விலக்கினார். வெள்ளிப் பதக்கம் கிடைத்த பிறகு, டெலிபோனைத் திருப்பிக் கொடுப்பதே தமது முதல் வேலை என்றார். இதைக் கேட்டு நாடே சிரித்து மகிழ்ந்தது. இங்கே கடுமை எதன்மேல் விழுந்தது என்பதைப் பாருங்கள். நேரத்தின்மேல், உணவின்மேல், பழக்கத்தின்மேல் விழுந்தது. சிஷ்யையின் மானத்தின்மேல் விழவில்லை.

அவமானத்துக்கு அஞ்சுகிற பிள்ளை எப்படி ஆடும் என்பதை எந்த மைதானத்திலும் காணலாம். அதன் ஒரு கண் பந்தின்மேல் இருக்கும். மற்றொரு கண் எல்லைக்கோட்டருகே நிற்கும் பயிற்சியாளரின் முகத்தின்மேல் இருக்கும். புதிதாக ஒரு அடியை முயன்று பார்க்காது. தவறினால் திட்டு விழுமே! முழங்கால் வலித்தால் சொல்லாது; கோழை என்பார்களே! திட்டுக்குத் தப்பும் வித்தையில் அது தேர்ச்சி பெற்றுவிடும். விளையாட்டு அங்கேயே நின்றுவிடும்.

கடுமையைப் புகழ்கிறவர்கள் கணக்கில் சேர்க்காத கூட்டம் ஒன்றும் இருக்கிறது. ஜயித்தவர்களைப் பேட்டி காண்கிறோம். பாதியில் மட்டையைக் கீழே போட்டுவிட்டுப் போன பிள்ளைகளை யார் கேட்கிறார்கள்? பிரிட்டனில் ஒரு தடவை கேட்டார்கள். அந்நாட்டு ஜிம்னாஸ்டிக்ஸ் விளையாட்டைப் பற்றிய புகார்களை விசாரிக்க 2020-ல் ஆன் வைட் என்ற வழக்கறிஞரை நியமித்தார்கள். 400-க்கு மேற்பட்டோர் தங்கள் அனுபவங்களை அனுப்பினார்கள். காயத்தோடு பயிற்சி செய்யச் சொன்னது, உணவையும் தண்ணீரையும் மறுத்தது, உடல் எடையைச் சொல்லி இழிவுபடுத்தியது ஆகியவையெல்லாம் 2022 ஜூன் மாதத்து அறிக்கையில் வெளியாயின. பதக்கங்கள் வந்துகொண்டிருந்த காலத்தில் இக்குரல்கள் எவர் காதிலும் ஏறவில்லை.

நம் நாட்டில் சிறந்த பயிற்சியாளர்களுக்கு 1985 முதல் அளிக்கப்படும் விருதுக்குத் துரோணாசாரியார் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அச்ரேகரும் கோபிசந்தும் அதைப் பெற்றவர்கள். பெயர் வைத்த பெரியவர்கள் ஏகலைவனைக் கலந்து யோசிக்கவில்லை போலும்! அர்ச்சுனனை உருவாக்கிய அதே ஆசாரியர்தான் ஏகலைவனின் கட்டைவிரலையும் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு பயிற்சிக்கூடத்திலும் அர்ச்சுனனின் புகைப்படம் மாட்டியிருக்கிறது. ஏகலைவர்கள் எத்தனை பேர் என்பதற்குப் பதிவேடு கிடையாது.

ஆகவே பெற்றோர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். பிள்ளையை ஒரு பயிற்சியாளரிடம் ஒப்படைக்குமுன் இரண்டு நாள் ஓரமாக நின்று பாருங்கள். அவர் திருத்துவது பிள்ளையின் கால் வைப்பையா, அல்லது பிள்ளையின் பிறப்பு வளர்ப்பையா என்று கவனியுங்கள். மற்றவர்கள் எதிரில் ஏளனம் செய்கிறாரா, தனியே அழைத்துச் சொல்கிறாரா என்று பாருங்கள். பிள்ளைகளிடம் கேட்கும் உழைப்பைத் தாமும் தருகிறாரா, வலிக்கிறது என்று ஒரு குழந்தை அச்சமின்றி அவரிடம் சொல்ல முடிகிறதா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இவற்றுக்கெல்லாம் நல்ல பதில் கிடைத்தால், அவர் எவ்வளவு கண்டிப்பானவராக இருந்தாலும் கவலையில்லை; அதிகாலை நான்கு மணிக்கே பிள்ளையை எழுப்பி அனுப்புங்கள். கிடைக்காவிட்டால், அவர் எத்தனை பதக்கங்களைச் சுவரில் மாட்டியிருந்தாலும், பிள்ளையின் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள். விளையாட மைதானங்கள் வேறு உண்டு.