மனைகள் பெருகுகின்றன; தண்ணீர் எங்கே போகும்?

காரைக்கால் வளர்கிறது. 2001-ல் 1,70,791 ஆக இருந்த மக்கள்தொகை 2011-ல் 2,00,222 ஆனது. 2009-ல் துறைமுகம், 2010-ல் தேசிய தொழில்நுட்பக் கழகம், 2016-ல் ஜிப்மர் கிளைக் கல்லூரி என வரிசையாக வந்தன. அல்ஹம்துலில்லாஹ், மகிழ்ச்சிதான். ஆனால் நிலம் வளரவில்லையே! சுமார் 160 சதுர கிலோமீட்டருக்குள்தான் வயலும் வீடும் வாய்க்காலும் அடங்கியாக வேண்டும்.

இது காவிரியின் கடைமடை. அரசலாறும் திருமலைராஜனாறும் நம் மண் வழியேதான் கடலுக்குப் போகின்றன. நஞ்சையில் மண்ணடித்து, கல் நட்டு, கொடி கட்டி மனையாக விற்கும்போது ஓரத்து வாய்க்காலும் சேர்ந்து மறைகிறது. 2008-ல் நிஷா புயல் காரைக்கால் அருகேதான் கரை கடந்தது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது. அந்த மழை இங்கே பெய்தால் தண்ணீர் எந்த வழியாக வடியும்?

இதைத் தட்டிக் கேட்க வேண்டியது உள்ளாட்சி மன்றம். புதுச்சேரியில் 38 ஆண்டுகள் கழித்து 2006-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-ல் பதவிக்காலம் முடிந்தது. பிறகு பத்தாண்டுகள் கடந்தும் தேர்தல் நடத்தப்படவில்லை. காரைக்கால் நகராட்சியும் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் அதிகாரிகள் வசமே விடப்பட்டன. வார்டு உறுப்பினரே இல்லாத ஊரில் வாய்க்கால் தூர்ந்தால் மக்கள் யார் கதவைத் தட்டுவது?

அரசை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிவிட முடியாது. வாங்குவோரிலும் விற்போரிலும் தரகர்களிலும் நம்மவர்கள் உண்டு. வளைகுடா வெயிலில் உழைத்துச் சேர்த்த காசை, தொலைபேசியில் கேட்ட ஒரு வார்த்தையை நம்பி, அனுமதியற்ற மனையில் போடலாமா? பத்திரம் பதிவாகிவிட்டால் மனைக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று பொருளல்ல. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு செய்த பிறகே விற்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணையும், நகர அமைப்புத் துறையின் அனுமதியையும், வில்லங்கச் சான்றையும் கேட்டு வாங்குங்கள்.

வியாபாரச் சகோதரர்களே! குறையை மறைத்து விற்பதை நபி (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்திருக்கிறார்கள். வெள்ளம் நிற்கும் தாழ்வான மனையை மேட்டு நிலம் என்று விற்பதும் அந்தக் குற்றமே. பொதுவாய்க்காலை மனையோடு சேர்த்து விற்பது ஊரார் உரிமையைப் பறிப்பதாகும்.

உள்ளாட்சித் தேர்தலுக்கு நாம் உரத்துக் குரல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் பகுதி வாய்க்கால்களை இளைஞர்களைக் கொண்டு கணக்கெடுத்து ஆட்சியரிடம் மனு அளிக்க வேண்டும். வெள்ளம் பள்ளிவாசல் தெரு, கோயில் தெரு என்று பார்த்து வருவதில்லை. ஆகவே எல்லாச் சமுதாய மக்களையும் அரவணைத்தே இப்பணியைச் செய்ய வேண்டும்.

அடுத்த ஐப்பசி மழைக்குள் தொடங்குவோமா?