குற்றவாளி மாணவன் அல்லன்; நினைவகம்!



பள்ளிக் கணினி அறையில் ஒரு கணினி நின்றுபோனால் அடுத்து என்ன நடக்கும் என்பது நம் அனைவருக்கும் தெரிந்ததே. "கடைசியாக உட்கார்ந்தது யார்?" என்னும் கேள்விதான் முதலில் பிறக்கும். கணினிக்கு என்ன ஆயிற்று என்னும் கேள்வி பிறகுதான் வரும்; பல வேளைகளில் வருவதே இல்லை.

நானும் அப்படிக் கேட்டவன்தான். பெற்றோர் ஆசிரியர் சங்கம் வாங்கிக் கொடுத்த மேசைக் கணினிகளுள் ஒன்று, ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் பாட வேலை செய்துகொண்டிருந்தபோது நீலத்திரை காட்டி நின்றது. மறுநாளும் அவன் கையிலேயே நின்றது. அவன் கொண்டுவந்த விரலியின் வழியாக நச்சுநிரல் புகுந்துவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். இனிமேல் கணினி அறைப் பக்கம் வரவேண்டா என்றும் சொல்லிவிட்டேன். லாரி ஓட்டுநரான அவனுடைய தந்தை பள்ளிக்கு வந்து, "எவ்வளவு செலவாகும்னு சொல்லுங்க சார், கட்டிடுறேன்" என்று தலைகுனிந்து நின்றபோதுகூட எனக்கு எதுவும் உறுத்தவில்லை. வெட்கத்தோடுதான் இதனை எழுதுகிறேன்.

கணினியைக் கடைக்குக் கொண்டுபோனோம். வன்தட்டை அழித்து இயங்குதளத்தை மீண்டும் நிறுவிக் கொடுத்து 120 வெள்ளி வாங்கிக்கொண்டார்கள். ஒரே வாரத்தில் பழைய கதை திரும்பியது. இரண்டாம் முறை கொண்டுபோனபோது, "தாய்ப்பலகை போய்விட்டது, புதிதாக வாங்குவதே மேல்" என்றார்கள். நினைவகத்தை யாரும் சோதிக்கவில்லை. பின்னர் ஒரு சனிக்கிழமை நானே சோதித்தேன். இருபது நிமிடத்தில் திரை முழுவதும் சிவப்பு வரிகள்! உள்ளே இருந்த இரண்டு நினைவகத் துண்டுகளுள் ஒன்று கெட்டிருந்தது.

நினைவகப் பழுது ஏன் இப்படி ஆளை ஏமாற்றுகிறது? வன்தட்டு கெட்டால் கோப்பு திறக்காது. அச்சுப்பொறி கெட்டால் அச்சு வராது. ரேம் எனப்படும் நினைவகமோ எல்லா மென்பொருளுக்கும் பொதுவான இடம். பழுதான சிற்றறையில் இன்று எந்த நிரல் வந்து அமர்கிறதோ அதுதான் இன்று விழும். இன்று உலாவி, நாளை சொற்செயலி, மறுநாள் இயங்குதளமே. ஆகவே அவ்வேளையில் எதிரே அமர்ந்திருப்பவர் எவரோ அவரே குற்றவாளியாகத் தெரிவார். நீலத்திரையில் தோன்றும் பிழைப்பெயர் ஒவ்வொரு முறையும் வேறு வேறாக இருந்தால் நினைவகத்தின்மேல் ஐயங்கொள்ளுங்கள். படியெடுத்த பெரிய கோப்புகள் காரணமின்றிச் சிதைந்து போவதும், இயங்குதளத்தை நிறுவும்போதே பாதியில் பிழை காட்டி நிற்பதும் இவ்வகை அறிகுறிகளே.

நீலத்திரையாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாத கேடும் உண்டு. நினைவகத்தில் இரும எண்ணாக அமர்ந்திருக்கும் 35-இல் ஒரே ஓர் இருமி புரண்டால் அது 51 ஆகிவிடும். அதனை அப்படியே சேமித்துவிட்டால் எவரும் அறியார். இத்தகைய பிழையைத் தானே கண்டு திருத்தும் நினைவகம் சேவையகக் கணினிகளில் உண்டு. நம் பள்ளியின் மேசைக் கணினிகளில் பெரும்பாலும் இல்லை. இஃது அரிதினும் அரிது என்றும் தள்ளிவிட முடியாது. கூகுள் நிறுவனத்தின் சேவையகங்களை ஆராய்ந்து 2009-இல் வெளிவந்த ஆய்வு, ஓராண்டில் 8 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட நினைவகத் துண்டுகளில் பிழை தோன்றியதாகக் கூறுகிறது.

என் கருத்து இதுதான்: நினைவகத்தைச் சோதிக்காமல் இயங்குதளத்தை அழிக்கக்கூடாது, புதுக்கணினிக்குச் சங்கப் பணத்தைத் தொடக்கூடாது, எந்தப் பிள்ளையையும் கைகாட்டக் கூடாது. பழுதான நினைவகத்தின் வழியாகவே இயங்குதளத்தை மறுபடி நிறுவினால், நிறுவப்படும் கோப்புகளே சிதையக்கூடும். கலங்கிய கிணற்றை விட்டுவிட்டுக் குடத்தைத் தேய்ப்பது போன்றது அது.

சோதனைக்குக் காசு வேண்டா. விண்டோஸிலேயே 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்னும் கருவி உண்டு. அதைத் தேடி இயக்கினால் கணினி மறுபடி தொடங்கித் தானே சோதித்துக்கொள்ளும். சோதனைத் திரையில் எஃப்1 விசையை அழுத்தி விரிவான சோதனையைத் தேர்ந்தெடுங்கள். அதில் பிழை தெரியாவிட்டாலும் ஐயம் தீரவில்லை என்றால், விரலியிலிருந்து இயங்கும் மெம்டெஸ்ட்86 அல்லது மெம்டெஸ்ட்86+ பயன்படும். முன்னது 1994-இல் கிறிஸ் பிராடி எழுதியது. பின்னது அதிலிருந்து கிளைத்த திறமூல மென்பொருள். 2022-இல் வந்த ஆறாம் பதிப்பு புதிய கணினிகளிலும் இயங்குகிறது. மாலையில் தொடங்கி இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் பிழைதான். "ஒன்றுதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

பிழை வந்தவுடன் துண்டைத் தூக்கியெறிந்துவிடவும் வேண்டா. பயாஸில் நினைவக வேகத்தைக் கூட்டி வைத்திருந்தால் இயல்பு நிலைக்குக் கொண்டுவந்து மறுபடி சோதியுங்கள். பின்னர் மின்கம்பியைக் கழற்றி, தொடக்கப் பொத்தானைச் சில நொடி அழுத்தி, கணினிப் பெட்டியின் உலோகத்தைத் தொட்டுவிட்டு, துண்டுகளைக் கழற்றுங்கள். தூசியைத் துடைத்து, இருபுறப் பிடியும் 'டக்' என்று விழும்வரை அழுத்திப் பொருத்துங்கள். சில வேளை இதனாலேயே குணமாகிவிடும். ஆகாவிட்டால் ஒவ்வொரு துண்டையும் தனியாக, ஒரே செருகுவாயில் வைத்துச் சோதிக்க வேண்டும். ஒரு துண்டு மட்டும் எந்தச் செருகுவாயிலும் பிழை காட்டினால் கெட்டது அந்தத் துண்டு. எந்தத் துண்டை வைத்தாலும் ஒரே செருகுவாய் பிழை காட்டினால் தாய்ப்பலகையைப் பாருங்கள். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணத்திற்காகவும் திறக்காதீர்கள்.

"கற்பிப்பதற்கே நேரமில்லை, பழுதுபார்ப்பதும் ஆசிரியர் வேலையா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஞாயமான கேள்வியே. பழுதுபார்க்க நான் சொல்லவில்லை. எது பழுது என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போகலாம் என்கிறேன். 2025-ஆம் ஆண்டின் இறுதியில் நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியதைப் பெற்றோர் பலரும் அறிவர். கெட்டது ஒரு துண்டா, இரண்டா என்பதுகூடத் தெரியாமல் வாங்கப் போகலாமா? பல உற்பத்தியாளர்கள் ஆயுட்கால உத்தரவாதம் தருகிறார்கள் என்பதையும் மறந்துவிடுகிறோம். எங்கள் துண்டுக்கும் அஃது இருந்தது. அஞ்சல் செலவோடு மாற்றுத் துண்டு வந்து சேர்ந்தது.

அந்த மாணவனிடம், அவன் தந்தையின் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்டேன். தந்தை, "பரவாயில்லைங்க சார்" என்றார். பையன் எதுவும் பேசவில்லை. மாற்றுத் துண்டு வந்த அன்று அவனையே அழைத்துப் பொருத்தச் சொன்னேன். கடைக்குக் கொடுத்த அந்த 120 வெள்ளியைச் சங்கக் கணக்கில் நானே கட்டிவிட்டேன்.