போகிக்கு முன் பரணைப் பாருங்கள்

அன்புள்ள ஊர்ப் பெரியவர்களுக்கும், அக்கா தங்கைமாருக்கும், தம்பிமாருக்கும் வணக்கம்.

குடமுருட்டிக் கரையில் நம் வடக்குத் தெருவில் பிறந்து, இப்போது மெல்போர்னில் குடும்பம் நடத்தும் உங்கள் வீட்டுப் பெண் எழுதுகிறேன். மார்கழி பிறந்துவிட்டது. வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருப்பீர்கள். பரணில் கிடப்பதெல்லாம் திண்ணைக்கு இறங்கும் காலம் இது. போகிக்கு முன்பே இந்த மடல் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன்.

ஊரோடு பேசும்போதெல்லாம் இப்படி ஒரு செய்தி காதில் விழுகிறது. ஒரு வீட்டில் அண்டாவையும் தவலையையும் எடைக்குப் போட்டுவிட்டார்கள். இன்னொரு வீட்டைப் பிரித்தபோது நிலையும் கதவும் லாரியில் ஏறிப் போயின. மற்றொரு வீட்டில் தாத்தா படத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது என்று சட்டத்தை வைத்துக்கொண்டு படத்தை எறிந்துவிட்டார்கள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. சின்ன வீட்டுக்குக் குடிபோகிறவர் அத்தனை பெரிய அண்டாவை எங்கே வைப்பார்? ஓட்டைக் குடத்தை எத்தனை நாள் கட்டிக் காப்பார்? நியாயமான கேள்விகள்தாம். நான் கேட்பது ஒன்றே ஒன்று. உடைந்துவிட்டது என்ற காரணத்துக்காக மட்டும் எதையும் வீட்டைவிட்டு அனுப்பாதீர்கள். முதலில் அதைப் பழுது பார்க்க முடியுமா என்று விசாரியுங்கள். பழுது பார்க்கும்போது அதன் கதையையும் கேட்டு எழுதி வையுங்கள்.

நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களைத் திருப்பிப் பாருங்கள். கழுத்திலோ விளிம்பிலோ சிற்றுளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். யார் கொடுத்தார்கள், யார் கல்யாணத்துக்கு, எந்த ஊர், எந்த வருஷம் என்று சிலவற்றில் விவரமாகவே இருக்கும். அந்தக் காலத்துப் பெண்கள் பலருடைய பெயர் பத்திரத்தில் கிடையாது, கல்வெட்டில் கிடையாது, ரேஷன் அட்டை வருவதற்கு முன் எந்தக் காகிதத்திலும் கிடையாது. அவர்கள் பெயர் எழுத்தில் நிற்கும் ஒரே இடம் அவர்கள் கொண்டுவந்த சீர்ப் பாத்திரம்தான். எடைக்குப் போடும்போது அந்தப் பெயரும் உருகிப் போகிறது. தராசுக்கு எழுத்துத் தெரியாது.

எழுத்தே இல்லாத பொருளிலும் ஒரு வாழ்க்கை பதிந்திருக்கும். எங்கள் அப்பாயியின் வீணை அப்படித்தான் பேசியது. உங்களில் பலர் அதில்தான் சரளி வரிசை பழகினீர்கள். அப்பாயி போன பிறகு அது பல காலம் உள் அறையில் சாய்ந்து கிடந்தது. குடத்தில் வெடிப்பு விட்டிருந்தது. மெழுகு காய்ந்து உதிர்ந்து மெட்டுகள் பாதி கழன்றிருந்தன. யாளியின் ஒரு காது போயிருந்தது. தம்பியும் அம்மாவும் அதைத் தஞ்சாவூரில் வீணை செய்யும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனார்கள். நானும் ஊருக்கு வந்திருந்த சமயம் அது.

அவர் வீணையை மடியில் கிடத்தி நெடுநேரம் மெட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மொத்தம் 24 மெட்டு. தந்தி உரசி உரசி நடு ஸ்தாயி மெட்டுகளில் மட்டும் ஆழமாகப் பள்ளம் விழுந்திருந்தது. மேலே போகப் போகப் பள்ளம் இல்லை. "இதுல கத்துக்கொடுத்துக்கிட்டே இருந்திருக்காங்க, கச்சேரிக்குன்னு வாசிக்கல" என்றார். அம்மா அழுதுவிட்டாள். அப்பாயி மேடை ஏறியதே இல்லை. தெருப் பிள்ளைகளுக்கு ஒரு காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்ததுதான் அவர் வாசித்த வாசிப்பு. முன்பின் பார்த்திராத ஒருவர் அதை மெட்டின் தேய்மானத்தில் படித்துச் சொன்னார்.

வெடிப்பைப் பலாத் தூளும் பசையும் வைத்து அடைத்தார். தேன்மெழுகில் கரித்தூள் கலந்து காய்ச்சி, ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டு நிறுத்தி மேளம் கட்டினார். தேய்ந்த மெட்டில் சுருதி சுத்தமாகப் பேசாது என்பதால் புதியவை போட வேண்டியிருந்தது. பழைய மெட்டுகளை ஒரு துணிப்பையில் போட்டு அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார். யாளிக் காதை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். நாதத்துக்கு அது தேவையில்லை, பார்க்கிறவர்களுக்கு வயசு தெரியட்டும் என்றார். எதை மாற்ற வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று தெரிந்தவர் கையில்தான் பழைய பொருளைக் கொடுக்க வேண்டும் என்பதை நான் அன்று கண்ணால் பார்த்தேன். இன்று தம்பி மகள் அந்த வீணையில் கற்றுக்கொள்கிறாள்.

பழுது பார்க்கிறோம் என்று சொல்லிப் பொருளையே கெடுப்பதும் நடக்கிறது. அதனால் சிலவற்றை வலியுறுத்திச் சொல்கிறேன். பித்தளைப் பாத்திரத்தைப் பளபளப்பாக்க மெஷினில் கொடுத்தால் பெயர் வெட்டிய இடம் மழுங்கிவிடும். புளியும் சாம்பலும் போதும், எழுத்தின் மேல் அழுத்தித் தேய்க்க வேண்டாம். சமையல் பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போது சுத்தமான வெள்ளீயம்தானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். காரீயம் நஞ்சு. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு ஓட்டையாகிவிட்டால் தூக்கிப் போட வேண்டியதில்லை. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியசில் உருகிவிடும். வெறும் சொம்பு அடுப்பில் நின்றதால் உருகிய அதே உலோகத்தை மறுபடி சொம்பாக அடிக்க முடியும். கும்பகோணத்தில் இந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

பூசையறையில் இருக்கும் தஞ்சாவூர்ப் படத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். பலகையில் துணி ஒட்டி, சுண்ணத்தூளும் பசையும் சேர்த்து மேடாக்கி, அதன்மேல் தங்க ரேக்கு பதித்த வேலை அது. தண்ணீர் பட்டால் அடியே இளகிவிடும். மங்கிய முகத்துக்குப் புது வர்ணம் பூசச் சொல்லாதீர்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட பழைய புகைப்படத்தைப் பிய்க்கவே கூடாது, முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துவிடலாம், ஸ்கேனும் செய்யலாம். பழைய பத்திரத்துக்கும் கடிதத்துக்கும் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். ஓலைச்சுவடி ஏதாவது அகப்பட்டால் நீங்களாக எண்ணெய் தடவாமல் தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

1855இல் பிறந்த உ.வே.சாமிநாதையர் நம் பக்கத்து உத்தமதானபுரத்துக்காரர். ஊர் ஊராக அலைந்து அவர் ஏடு தேடியதை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். 1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்ததென்றால் அவர் உழைப்போடு இன்னொன்றும் அதற்குக் காரணம். செல்லரித்த ஏடுதானே என்று ஆற்றில் விடாமலும் அடுப்பில் போடாமலும் சில வீடுகளில் வைத்திருந்தார்கள். என்ன இருக்கிறது என்று தெரியாமலே வைத்திருந்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்கும் தமிழ் கடன்பட்டிருக்கிறது.

உடைந்த பொருள் வீட்டில் இருந்தால் ஆகாது என்று பெரியவர்கள் சொல்வதை நானும் கேட்டே வளர்ந்தேன். அவர்கள் சொல்வதை மதித்தே ஒன்று கேட்கிறேன். நம் கோயிலில் என்ன செய்கிறோம்? பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை திருப்பணி செய்து, அஷ்டபந்தன மருந்தை இடித்துச் சாத்தி, கும்பாபிஷேகம் நடத்துகிறோம். 2020 பிப்ரவரி 5 அன்று பெரிய கோயில் குடமுழுக்குக்கு நம் ஊரிலிருந்து எத்தனை பேர் போனீர்கள்! ராஜராஜன் எழுப்பிய கோயில் ஆயிரம் ஆண்டு தாண்டி நிற்பது தலைமுறை தலைமுறையாகச் செய்த பழுதுபார்ப்பினால்தான். சாமிக்கு நாம் செய்கிற அந்த மரியாதையை நம் வீட்டு முன்னோர் புழங்கிய பொருளுக்கும் செய்யலாம். செப்பனிட்டபின் அது உடைந்த பொருள் ஆகாது.

பழுது பார்க்கிற கூலிக்குப் புதிதே வாங்கிவிடலாம் என்பீர்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கூலி போய்ச் சேரும் கைகளையும் எண்ணிப் பாருங்கள். எவர்சில்வர் வந்த பிறகு ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வருவது குறைந்தது. கிரைண்டரும் மிக்சியும் வந்த பிறகு அம்மி கொத்துகிறவர் குரல் அடங்கிவிட்டது. வேலை தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நாம் வேலை கொடுத்தால்தான் அவர்கள் பிள்ளைகள் அந்த உளியைத் தொடுவார்கள். பொருளின் கதை தெரிந்த நம் வீட்டு முதியவர்களும் அப்படித்தான். பழுது பார்க்கிறவரும் கதை சொல்கிறவரும் ஒரே காலத்தில் இருக்கும் வரைதான் இந்த வேலை நடக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் எங்களுக்கும் இதில் கடமை உண்டு. எங்களில் சிலர் ஊருக்கு வரும்போது பரணைத் திறந்து வேண்டியதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போக நினைக்கிறோம். நூறு ஆண்டு கடந்த தொல்பொருளையும் 75 ஆண்டு கடந்த அரிய சுவடியையும் தனியார் யாரும் நாட்டைவிட்டு எடுத்துப் போகக் கூடாது என்று 1972ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டம் தடுக்காத பொருளாக இருந்தாலும், அதைத் தெரிந்தவர்கள் நடுவில் இருப்பதே அதற்கு அழகு. இங்கே என் வீட்டு அலமாரியில் அந்த வீணை வெறும் அலங்காரமாக நிற்கும். ஊரில் அதைப் பார்த்ததும் அப்பாயியின் பெயரைச் சொல்ல நாலு பேர் இருக்கிறீர்கள். அதனால் கடல் கடந்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளையும் கேட்டுக்கொள்கிறேன்: பொருளைக் கேட்காதீர்கள், பழுது பார்க்கும் கூலியை அனுப்புங்கள். குத்துவிளக்கு உனக்கா எனக்கா என்ற பாகப் பேச்சு தீராததால் திருகு கழன்ற விளக்குகள் எத்தனையோ வீடுகளில் மூட்டைக்குள் கிடக்கின்றன. முதலில் செப்பனிடுங்கள். யாருக்கு என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இந்தப் போகிக்கு வீட்டுக்கு ஒரு பொருள் போதும். உடைந்ததோ, ஓட்டையானதோ, திருகு கழன்றதோ, பரணிலிருந்து இறக்கி வையுங்கள். வீட்டில் மூத்தவரை அதன் பக்கத்தில் உட்காரவைத்து, இது யாருடையது, யார் கொடுத்தது, எப்படி உடைந்தது என்று கேளுங்கள். பேரப்பிள்ளை கைபேசியில் பதிவு செய்யட்டும். அதை நாலு வரியில் ஒரு தாளிலும் எழுதி, பழுது பார்த்தவர் பெயரையும் தேதியையும் சேர்த்துப் பொருளோடு வையுங்கள். கூலிக்குக் கையில் பணம் இல்லாத வீடுகள் என் தம்பியிடம் சொல்லுங்கள், நான் அனுப்புகிறேன். கிழிந்த பாயையும் பழைய துடைப்பத்தையும் போகிக்குக் கொடுங்கள். பெயர் வெட்டிய பாத்திரத்தைக் கொடுக்காதீர்கள்.

என்றும் உங்கள் அன்புள்ள,
வடக்குத் தெரு வீணை வீட்டுப் பெண்
மெல்போர்ன்