பிச்சை என்று யார் சொன்னது?

வரவு செலவுத் திட்டங்களைச் 'செப்படி வித்தை' என்று எழுதிப் பழகிய பத்திரிகைக்காரர்களில் நானும் ஒருவன். உண்மையான செப்படி வித்தைக்காரரிடம் அதற்காக மன்னிப்புக் கேட்கவேண்டும்.

மேடை மஜிக்காரருக்குத் திரையுண்டு; விளக்குண்டு; பார்வையாளர் எதிரே மட்டும் அமர்ந்திருப்பர். டில்லி வீதியில் வித்தை காட்டுபவனுக்கோ நாற்புறமும் கண்கள். பட்டப்பகல். சில கிண்ணங்கள், சில உருண்டைகள், வெறுங்கை. சிறுவயதிலேயே தந்தையிடம் கற்கத் தொடங்குகிறார்கள். கைத்திறன் பாதிதான், கலைந்துபோகும் கூட்டத்தைப் பேச்சினால் கட்டி நிறுத்துவது மறுபாதி. (இளமையில் ஒரு நாணயத்தை உள்ளங்கையில் மறைக்க நானும் மாதக்கணக்கில் முயன்றேன். தங்கை முதல்நாளே பிடித்துவிட்டாள்.)

இவர்களைச் சட்டம் எவ்வாறு அழைத்தது? 1959ஆம் ஆண்டின் பம்பாய் பிச்சையெடுத்தல் தடைச்சட்டம், பொது இடத்தில் பாடியோ ஆடியோ வித்தை காட்டியோ காசு பெறுவதையும் பிச்சைக்குள் அடக்கியது. அது டில்லிக்கும் நீட்டிக்கப்பட்டது. 1995இல் குதுப்மினார் அருகே, திறந்தவெளியில் கயிற்று வித்தை நிகழ்த்திய இஷாமுதீன் கானும் ஒரு தெரு வித்தைக்காரரே. நட்சத்திர ஹோட்டலில் சீட்டு விற்றுக் காட்டினால் கலை. நிலத்தில் துணி விரித்துக் காட்டினால் குற்றம்! இது எந்த ஊர் நியாயம்?

2018 ஆகஸ்டில் டில்லி உயர் நீதிமன்றம், பிச்சையைக் குற்றமாக்கிய பிரிவுகளை டில்லியளவில் செல்லாதவையாக்கியது. நல்லது. ஆனால் வித்தைக்காரரும் பொம்மலாட்டக்காரரும் பல்லாண்டுகள் வாழ்ந்த கத்புத்லி குடியிருப்பை 2017இலேயே இடித்துவிட்டார்கள், தொடர்மாடி கட்டுவதற்காக. கூட்டம் சேர்க்கும் வித்தையை எந்த மாடியில் வைத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது?