அரசாங்கக் கடனும் நமது சங்கமும்

அரசாங்கம் கடன் வாங்குவது தவறா என்று அங்கத்தினர் சிலர் நம்மைக் கேட்கிறார்கள். கடன் கொடுப்பதையே கடமையாகக் கொண்ட கூட்டுறவாளர்களாகிய நாம் அவ்வாறு சொல்லிவிட முடியாது. சுருளிப்பட்டியில் திராட்சைப் பந்தல் போடுகிறவர் கல்தூணுக்கும் கம்பிக்கும் கடன் வாங்குகிறார். கொடி படர்ந்து காய்ப்புக்கு வந்தபின் பழமே அக்கடனை அடைக்கிறது. நெசவாளர் தறிக்கும் நூலுக்கும் வாங்குவதும் அத்தகையதே. அரிசிக்கும் விருந்துக்கும் வாங்கிய கடனோ வேறொரு கடனைக் கொண்டுதான் அடைபடும்.

இதனை முன்னிட்டே சங்கத்தின் துணைவிதிகளில் கடன் வரம்பு வகுக்கப்பட்டிருக்கிறது. அரசாங்கத்திற்கும் அத்தகைய விதி உண்டு. அரசியலமைப்பின் 293-வது பிரிவின்படி, மத்திய சர்க்காருக்குக் கடன் பாக்கியுள்ள மாநிலம் அதன் சம்மதமின்றிப் புதுக்கடன் வாங்க இயலாது. 2003-ல் தமிழ்நாடு தானாகவே நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் இயற்றி, வருவாய்ப் பற்றாக்குறையையும் நிதிப் பற்றாக்குறையையும் குறைப்பதென்று உறுதி பூண்டது.

பெருந்தொற்று வந்த 2020-ல் மாநிலங்களின் கடன் வரம்பு 3 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அதை நாம் குறைகூற மாட்டோம். தறிகள் நின்று, சந்தைகள் மூடிக்கிடந்த நாளில் அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் ஏழைகளின் அடுப்பு எரிந்திராது.

ஆனால் தொற்றுக்கு முன்பே நோய் இருந்தது. 2012-13 வரை உபரி கண்ட நமது மாநிலம் 2013-14 முதல் வருவாய்ப் பற்றாக்குறையில் விழுந்தது. குடும்பம் ஒன்றுக்கு 2,63,976 ரூபாய் கடன் என்று, 2021 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை கூறிற்று. 2025-26 வரவு செலவுத் திட்டமும் 41,635 கோடி ரூபாய் வருவாய்ப் பற்றாக்குறையை மதிப்பிட்டது. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் ஆகிய அன்றாடச் செலவுக்கு அவ்வளவு கடன்! 1895-ல் திறக்கப்பட்ட பெரியாற்று அணையின் நீர் இன்றும் நம் பள்ளத்தாக்கை நனைக்கிறது. அத்தகைய பணிக்கென்று வரம்பை உயர்த்தக் கேட்டால் நாம் இருகையும் தூக்குவோம்.

குமுளிக்கு அப்பால், கேரள அரசு தன் நிறுவனங்கள் வாங்கிய கடனையும் வரம்பில் சேர்த்ததை எதிர்த்து 2023 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டை நாடியது. 2024 ஏப்ரலில் வழக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. மாநில உரிமை பற்றிய கேள்வி நியாயமானதே. எனினும், வேறு பெயரில் எழுதிய கடனுக்கும் வட்டி ஓடத்தான் செய்கிறது.

இதில் நமக்கு ஏன் அக்கறை எனலாம். 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி என அறிவிக்கப்பட்டது. அங்கத்தினர் மகிழ்ந்தனர், மகிழ்ந்தது நியாயமே. ஆனால் சங்கங்களுக்குச் சேரவேண்டிய பணம் பிந்திய வருஷங்களில் தவணை தவணையாகவே ஒதுக்கப்பட்டது. சங்கமோ மத்திய கூட்டுறவுப் பாங்கிக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். வைப்புத்தொகை போட்ட விதவைக்குக் கேட்ட நாளில் கொடுக்க வேண்டும். அரசாங்கத்தின் பற்றாக்குறை இவ்வாறு நமது பேரேட்டில் வந்து குடியேறுகிறது. பற்றாக்குறையைக் குறைத்ததாகக் காட்ட இதைவிட எளிய வழி இல்லை. இதைவிடப் பொறுப்பற்ற வழியும் இல்லை.

ஆகவே, தள்ளுபடி எதுவாயினும் அதற்குரிய தொகை முழுவதும் அதே வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கப்படவேண்டும். இயலாவிடில் நிலுவைக்கு வட்டி தரப்படவேண்டும். அடுத்து வரும் தேர்தல்களில் தள்ளுபடி வாக்குறுதி தரும் கட்சி எதுவாயினும், பணம் எந்த வருஷம், எந்த வரவிலிருந்து வரும் என்று அங்கத்தினர்கள் மேடையிலேயே கேட்கட்டும். நமது மகாசபைகள் இப்பொருளில் தீர்மானம் நிறைவேற்றிக் கூட்டுறவுப் பதிவாளருக்கும் நிதித்துறைக்கும் அனுப்பவேண்டுமென்று கோருகிறோம்.