ஆய்வாளரும் உழைப்பாளியே

முனைவர் பட்டத்தோடு பல்கலைக்கழக வாயிலில் நிற்கும் இளைஞருக்குப் பெரும்பாலும் கிட்டுவது ஓரிரு ஆண்டு ஒப்பந்தமே. அதுவும் பேராசிரியர்களின் அறிமுகம் இருந்தால்தான் எளிது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த அறிமுகத்தை யார் தருவார்?

நாடு முழுவதும் ஆய்வாளர்கள் போராடிய பின்னரே 2019இல் உதவித்தொகை உயர்ந்தது. 2023இல் ஆய்வு இணையாளருக்கான தொடக்கத் தொகை மாதம் 58,000 ரூபாயாயிற்று. ஆயினும் திட்டம் முடிந்தால் தொகையும் முடிகிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களிலோ ஆசிரியர் பணியிடங்கள் ஆயிரக்கணக்கில் காலியாகக் கிடக்கின்றன.

2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அமைப்புக்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்றது மத்திய அரசு. அதில் ஏறத்தாழ 36,000 கோடியை அரசு சாரா மூலங்களிடம் எதிர்பார்க்கிறது. இலாபம் தராத ஆய்வுக்கு மூலதனம் கைகொடுக்குமா?

வெளிப்படையான அறிவிப்பு, இடஒதுக்கீடு, தவறாத மாத ஊதியம், காலியிடங்களில் நிரந்தர நியமனம் ஆகியவற்றை வென்றெடுக்க மாணவர், ஆசிரியர் இயக்கங்கள் கரம்கோக்க வேண்டும்.