வீக்கம் வடிந்தால் நோய் போய்விட்டதா?

பத்து காவான் தொழிற்பேட்டையில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறான் என் சித்தப்பா மகன். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பிறகு தாடை வீங்கியது. கிளினிக்கில் கொடுத்த அன்டிபயோட்டிக்கை நான்கு நாள் சாப்பிட்டான். வீக்கம் வடிந்ததும் நிறுத்திவிட்டான். இரண்டே வாரத்தில் வீக்கம் திரும்பியது. மறுபடி மாத்திரை, மறுபடி வீக்கம். மூன்றாம் முறை தாடைக்குக் கீழே சிறு துளை விழுந்து சீழ் கசிந்தது. "பருதான்க்கா" என்றான்.

பரு இல்லை. அரசாங்க மருத்துவமனையில் தாடை எலும்பிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதித்த பிறகே பெயர் தெரிந்தது: ஆக்டினோமைக்கோசிஸ். அரிதான நோய்தான். ஆனால் அந்தக் கிருமி நம் எல்லார் வாயிலும் சும்மா குடியிருப்பது. சொத்தைப் பல், பல் பிடுங்கிய குழி, அடிபட்ட தாடை என வழி கிடைத்தால் உள்ளே இறங்கிவிடும். 1877-இல் மாட்டின் தாடையில் இதைக் கண்ட ஜெர்மானியர்கள் பூஞ்சை என்று நினைத்துப் பெயர் வைத்தார்கள். உண்மையில் இது பாக்டீரியா.

இதைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். சோதனைக்கூடத்தில் கிருமி வளர இரண்டு வாரம்கூட ஆகும். முன்பே அன்டிபயோட்டிக் சாப்பிட்டிருந்தால் வளராமலே போகலாம். அதனால் என்ன மாத்திரை, எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

சீழை வெளியேற்றி, செத்த எலும்பை அகற்றி, பிறகு பெனிசிலின் கொடுப்பார்கள். முதலில் சில வாரம் ஊசி வழியாக, அடுத்து மாத்திரையாக. பொதுவாக 6 முதல் 12 மாதம் வரை நீளும். எலும்புக்குள் ஒளிந்த கிருமியை நான்கு நாளில் விரட்ட முடியாது.

நீரிழிவு உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. வடிந்து வடிந்து திரும்பும் வீக்கம், சீழ், ஆடும் பல், கீழுதட்டில் மரத்துப்போன உணர்வு இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமம் என்றால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வானொலியில் பேசிப் பிழைக்கும் எனக்கு வாயின் அருமை தெரியும். தம்பிக்கு இது ஆறாவது மாதம். வீக்கம் இல்லை, வலி இல்லை. "இன்னும் எதுக்குக்கா மாத்திரை?" என்று நேற்றும் கேட்டான். டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை, தம்பி.